வண்டிக்கும் காய்ச்சல் வரும்!

(ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதியது)



நமக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா முதலில் என்ன செய்வாங்க? வெப்பமானியைத்தான் எடுப்பாங்க. 98.6 டிகிரி பாரன்ஹீட் என்றால் சும்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. 102 என்றால் ஊசி! வண்டிக்கும் இதே மாதிரி ஒரு வெப்பமானி இருக்கு. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் ஸ்டியரிங்குக்குப் பின்னாடி தெரியும். ஒரு பக்கம் குளிருக்கு 'சி', இன்னொரு பக்கம் சூட்டுக்கு 'ஹெச்', நடுவில் ஒரு முள். அவ்வளவுதான், எண்ணே இருக்காது. நம்ம ஊரில் இதை டெம்பரேச்சர் மீட்டர் என்பாங்க.

எங்க மாமா ஒரு பழைய பிக்கப் வண்டி ஓட்டுறாங்க. கொல்லிமலைக்கு மளிகையும் சிமெண்டும் ஏற்றிப் போவாங்க, வரும்போது வாழைத்தாரும் பலாப்பழமும் வரும். காரவள்ளியில் இருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு என்பது உங்க எல்லாருக்கும் தெரியும், டூர் போனப்ப பாதிப் பேர் வாந்தி எடுத்தீங்களே! அந்த வண்டிக்குப் பள்ளி லீவில் புதுசா ஒரு டெம்பரேச்சர் மீட்டர் மாட்டினோம். மாமா, பட்டறை அண்ணா, நான். அது எப்படி வேலை செய்யுது, எப்படி மாட்டணும் என்று எழுதச் சொல்லி அறிவியல் டீச்சர் சொன்னாங்க. அதனால் இந்தக் கட்டுரை.

முதலில், வண்டி ஏன் சூடாகுது? டீசல் எரிந்து வரும் வெப்பம் முழுவதும் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுது. இன்னொரு பங்கு புகையோடு போயிடும். மிச்சம் இருப்பதை எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே காற்று பட்டு ஆறி, திரும்ப எஞ்சினுக்கு வரும். நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்னக் கதவு இருக்கு. 82 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்தால்தான் அது திறக்க ஆரம்பிக்கும் (வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்). அதுவரை தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். குளிர்ந்த எஞ்சின் சீக்கிரம் சூடாகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

ரோட்டில் வேகமாகப் போகும்போது எதிர்காற்று ரேடியேட்டரை ஆற்றிடும். மலையில் அப்படி இல்லை. முதல் கியர், இரண்டாம் கியரில் ஊர்ந்து போகணும். பின்னாடி லோடு. டீசல் நிறைய எரியும், எதிர்காற்று சுத்தமா கிடையாது. பேன் ஒன்றுதான் துணை.

இப்போது ஒரு கேள்வி. தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? எல்லாரும் 100 என்பீங்க. கடல் மட்டத்தில் அது சரி. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் கொதிநிலையும் இறங்கும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கலாம். கொல்லிமலை மேலே செம்மேட்டுப் பக்கம் 96, 97 டிகிரியிலேயே தண்ணீர் கொதிச்சிடும். அப்படின்னா மலை ஏறுகிற எல்லா வண்டியும் கொதிக்கணுமே? கொதிக்கிறதில்லை. காரணம் ரேடியேட்டர் மூடி. நம்ம வீட்டுக் குக்கர் மாதிரிதான். மூடியில் ஸ்பிரிங்கும் ரப்பரும் இருக்கும், உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். மாமா வண்டி மூடியில் 0.9 என்று அச்சடிச்சிருக்கு. வெளிக்காற்றைவிட 0.9 பார் அழுத்தம் அதிகமாக உள்ளே நிற்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்னவென்றால், ஒரே 100 டிகிரி ஒரு வண்டிக்கு நல்லது, இன்னொரு வண்டிக்கு ஆபத்து. மூடி நல்லா இருக்கிற வண்டி 100 டிகிரியில் பேசாமல் மலை ஏறும். ரப்பர் தேய்ந்த மூடி போட்ட வண்டி அதே 100 டிகிரியில் கொதித்து ஆவியைக் கக்கும். அதனால் மீட்டர் வாங்குகிறதுக்கு முன்னாடி மூடியைப் பாருங்க என்பது என் கருத்து. மூடி மீட்டரை விட விலை குறைவு.

சரி, வண்டியிலேயே மீட்டர் இருக்கும்போது புதுசு எதுக்கு? நானும் இதைத்தான் மாமாகிட்ட கேட்டேன்.

"அதுல எங்க கண்ணு எண்ணு இருக்குது? நடுவுல நின்னா நின்னதுதான். ஏறுதுன்னு தெரியறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றாங்க.

உண்மைதான். பல வண்டிகளில் கம்பெனி மீட்டர் முள் 80 டிகிரிக்கும் நடுவிலேயே நிற்கும், 100 டிகிரிக்கும் நடுவிலேயே நிற்கும். முள் சும்மா சும்மா ஆடினால் ஓட்டுறவங்க பயப்படுவாங்க என்று அப்படிச் செய்திருக்காங்களாம். சில புது வண்டியில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான்.

மாமாவோட கூட்டாளி ஒருத்தருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவரும் பிக்கப் வண்டிதான். போன வருஷம் சித்திரை மாதம் லோடோடு மலை ஏறினார். கீழ் ஹோஸில் ஒரு சின்ன ஓட்டை, தண்ணீர் ஒழுகிக்கிட்டே வந்திருக்கு. அவர் மீட்டரைப் பார்க்காமல் இல்லை, பார்த்தார். முள் 'சி' பக்கம் இறங்கி இருந்துச்சு. "பரவால்லையே, மலைக்காத்துல வண்டி குளுந்துருச்சு" என்று நினைத்தாராம். ஐம்பதாவது வளைவு தாண்டி எஞ்சின் அப்படியே பிடிச்சு நின்னுடுச்சு. ஹெட் வளைஞ்சு, கேஸ்கட் எரிந்து, பிஸ்டனும் போச்சு. வண்டி ஒரு மாசத்துக்கு மேல பட்டறையில் கிடந்தது. ஆனால் வண்டிக் கடன் தவணை மட்டும் லீவு எடுக்கலை. அவர் பொண்ணு என் வகுப்புதான். அந்த மாசம் அவங்க வீட்டில் என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

முள் ஏன் இறங்கினது? எஞ்சின் தீயாய்க் கொதிக்கிறப்ப மீட்டர் குளிர் என்று எப்படிச் சொல்லும்? இதை நான் பட்டறை அண்ணாகிட்ட மூன்று தடவை கேட்டுப் புரிஞ்சுக்கிட்டேன். மீட்டர் எஞ்சின் சூட்டை அளப்பதில்லை. சென்சார் நுனி எதைத் தொட்டுக்கொண்டு இருக்கோ அதன் சூட்டைத்தான் அளக்கும். தண்ணீர் இருந்தால் தண்ணீர்ச் சூடு. தண்ணீர் வடிஞ்சு போச்சுன்னா நுனி வெறும் காற்றில் தொங்கும். காற்று தண்ணீர் மாதிரி வெப்பத்தைக் கொண்டு வந்து தராது. அதனால் முள் கீழே விழும். கையைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் உடனே வெந்துடும், ஆனால் அதே சூடு உள்ள காற்றில் ஒரு நொடி தாங்கலாம் இல்லையா, அது மாதிரி. (யாரும் செய்து பார்க்காதீங்க!)

சென்சார் எப்படி வேலை செய்யுது என்றும் சொல்லிடறேன். பழைய காலத்து மீட்டரில் ஒயரே கிடையாது. ஒரு குமிழில் சீக்கிரம் ஆவியாகும் திரவம், அதில் இருந்து மெல்லிய செம்புக் குழாய், கடைசியில் வளைந்த ஒரு குழல். சூடானால் உள்ளே அழுத்தம் கூடி வளைந்த குழல் நிமிரப் பார்க்கும், முள் நகரும். அந்த வளைந்த குழலை 1849இல் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டு யூஜின் போர்டான். நாங்கள் வாங்கியது கரண்ட் மீட்டர். அதன் சென்சாருக்குள் தெர்மிஸ்டர் இருக்கு. சாதாரணக் கம்பி சூடானால் மின்தடை கூடும், இது தலைகீழ், சூடானால் மின்தடை குறையும். மைக்கேல் பாரடே 1833இலேயே வெள்ளி சல்பைடில் இந்தக் குணத்தைப் பார்த்து எழுதி இருக்கார். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், முள் மேலே ஏறும்.

கடையில் வாங்கும்போது ஒன்று கவனிக்கணும். மீட்டரும் சென்சாரும் ஜோடியாகத்தான் வாங்கணும். ஒரு கம்பெனி மீட்டருக்கு இன்னொரு கம்பெனி சென்சார் போட்டால் தப்பான எண் காட்டும். நாங்கள் வாங்கியது 52 மில்லிமீட்டர் வட்ட மீட்டர், 40 முதல் 120 டிகிரி வரை எண் போட்டது.

சென்சாரை எங்கே மாட்டுவது? எஞ்சின் ஹெட்டில் ஒரு துளைதான், அதில் கம்பெனி சென்சார் இருக்கு. அதைக் கழற்றக் கூடாது. இப்போதைய வண்டிகளில் அந்தச் சென்சார் சொல்வதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் டீசல் அளவையும் பேனையும் பார்த்துக்குது. அதனால் எஞ்சினில் இருந்து ரேடியேட்டருக்கு மேலே போகிற ஹோஸை வெட்டி, நடுவில் ஒரு அலுமினியக் குழாய்த் துண்டைச் செருகி, அந்தத் துண்டில் உள்ள துளையில் சென்சாரை முடுக்குவது என்று முடிவு. அந்தத் துண்டு 28, 30, 32, 34 மில்லிமீட்டர் என்று பல அளவில் வரும். ஹோஸின் உள்விட்டம் தெரியாமல் வாங்கினால் வீண். இங்கேதான் நம்ம வெர்னியர் அளவி வேலைக்கு வந்தது! முதல் பாடத்தில் படிச்சோமே, அதேதான். பட்டறையிலும் ஒன்று கிரீஸ் அப்பிக் கிடந்தது. துடைச்சு, ஹோஸ் வாயில் வைத்து நான் அளந்தேன், 32 மில்லிமீட்டர். அங்கே நின்ற ஒரு தாத்தா, "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை" என்றார். "அளவு சொன்னது அந்தப் புள்ளைதானுங்க" என்று அண்ணா சொல்லிட்டாங்க.

மாட்டுவதற்கு முன்னாடி ஒரு சோதனை செய்தோம். இது என் யோசனை. மாட்டிய பிறகு மீட்டர் சரியா தப்பா என்று எதை வைத்துப் பார்ப்பது? அதனால் டீச்சரிடம் கேட்டு ஆய்வக வெப்பமானி ஒன்று வாங்கிக்கிட்டேன். ஒரு போசியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சென்சாரின் உலோக நுனி மட்டும் முங்குகிற மாதிரி கம்பியில் தொங்கவிட்டோம். மீட்டருக்குப் பழைய 12 வோல்ட் பேட்டரி. கொதிக்கும்போது வெப்பமானி 99, மீட்டர் 100க்கு ஒரு மயிரிழை கீழே. அடுப்பை அணைத்து ஆறவிட்டுப் பார்த்தோம். 80இல் இரண்டும் ஒத்துப்போச்சு. 60இல் மீட்டர் மூன்று டிகிரி அதிகமாகக் காட்டியது. 60 நமக்கு முக்கியம் இல்லை, 90க்கு மேலேதான் வேணும், அதனால் இது நல்ல மீட்டர் என்று முடிவு செய்தோம்.

இனி மாட்டுகிற வேலை. வண்டி ராத்திரி முழுவதும் ஆறி இருக்கணும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே அடைபட்ட தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி மூஞ்சியில் அடிக்கும். பட்டறை அண்ணா முழங்கையில் இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான். பேட்டரியின் மைனஸ் ஒயரை முதலில் கழற்றணும். பிறகு அடியில் பேசினை வைத்துக் கூலன்ட்டை வடிக்கணும். கூலன்ட்டில் எத்திலீன் கிளைகால் கலந்திருக்கும். அது இனிக்கும், ஆனால் விஷம். வாசலில் திறந்து வைத்தால் ஆடோ நாயோ வந்து நக்கிடும், செத்தே போகும். நாங்கள் பேசினைப் பலகையால் மூடி மேலே கல் வைத்தோம்.

ஹோஸை வெட்டும்போது கொஞ்சமாக வெட்டணும். வெட்டிய பிறகு ஒட்ட முடியாது. அலுமினியத் துண்டின் இரண்டு முனையும் ஹோஸுக்குள் நன்றாகப் போய், மேலே கிளிப் போட்டு முடுக்க இடம் இருக்கணும். சென்சார் மரையில் வெள்ளை டேப்பை நிறையச் சுற்றக் கூடாது. மரையின் உலோகம் வழியாகத்தான் எர்த் போகும், டேப் அதைத் தடுத்துடும்.

எர்த் பற்றி இன்னும் சொல்லணும், ஏனென்றால் பலரும் இங்கேதான் மாட்டிக்கறாங்க. சென்சாரை எஞ்சினிலேயே முடுக்கினால் எஞ்சின் உடம்பே எர்த். ஆனால் நாங்கள் முடுக்கியது இரண்டு ரப்பர் ஹோஸுக்கு நடுவில் தொங்குகிற துண்டில். ரப்பரில் கரண்ட் போகாது என்று ஆறாம் வகுப்பிலேயே படிச்சோம். அதனால் அந்தத் துண்டில் இருந்து தனியாக ஒரு ஒயர் எடுத்து எஞ்சின் போல்ட்டில் கட்டணும். கட்டாமல் விட்டால் முள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கடைக்காரரிடம் போய் மீட்டர் செத்துப்போச்சு என்று சண்டை போடுவதில் பாதி இந்த ஒயரால்தான் என்று அண்ணா சிரிச்சாங்க.

மீட்டருக்குப் பின்னால் நாலு ஒயர். ஒன்று சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைனில், நடுவில் 3 ஆம்பியர் பியூஸ் வைத்து. ஒன்று எர்த். ஒன்று சென்சாருக்கு. ஒன்று ராத்திரி மீட்டருக்கு வெளிச்சம் வர பார்க்கிங் லைட் லைனில். சென்சார் ஒயர் எஞ்சின் பக்கத்தில் இருந்து கேபினுக்குள் தகரத்துளை வழியாக வரணும். துளையில் ரப்பர் வளையம் போடாமல் விட்டால் ஆட்டத்தில் தகரம் ஒயரை அறுத்துடும்.

எல்லாம் முடிந்ததும் சாவியைப் போட்டுச் சென்சார் ஒயரைக் கழற்றினாங்க, முள் கீழே கிடந்தது. அதே ஒயரை எர்த்தில் தொட்டதும் முள் 120க்கு ஓடுச்சு. ஆக மீட்டரும் ஒயரும் சரி. பிறகு கூலன்ட் ஊற்றி, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டோம். உள்ளே அடைபட்ட காற்று குமிழ் குமிழாக வரும், மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கிட்டே இருக்கணும். குமிழ் நின்ற பிறகுதான் மூடி. பத்து நிமிஷம் முள் அசையவே இல்லை. மாமா முகம் வாடிப்போச்சு. எனக்குக் காரணம் தெரியும், தெர்மோஸ்டாட் இன்னும் திறக்கலை, மேல் ஹோஸுக்குச் சூடு தண்ணீர் வரலை. சொன்ன மாதிரியே கொஞ்ச நேரத்தில் முள் ஒரே எட்டில் 78, 82, 85.

இப்போது மாமா வண்டி சமரோட்டில் 84க்கும் 88க்கும் நடுவில் ஓடுது. லோடோடு மலை ஏறினால் 95, 98. 105இல் என் சிவப்பு நகப்பாலீஷால் கண்ணாடி மேல் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கேன். முள் கோட்டைத் தொட்டால் ஓரம் கட்டணும். மூடியைத் தொடக் கூடாது. அரை மணி நேரமாவது ஆறணும். அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை எஞ்சின் மேல் ஊற்றவும் கூடாது. பல வண்டிகளில் ஹெட் அலுமினியம், கீழே பிளாக் இரும்பு. அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் சடாரென்று சுருங்கினால் ஹெட் வெடிச்சுடும்.

இன்னொன்றும் கோடு பக்கத்திலேயே சின்னத் தாளில் எழுதி ஒட்டினேன்: "திடீர்னு இறங்கினாலும் நிறுத்துங்க மாமா." புது மீட்டர் என்றாலும் அதன் நுனியும் தண்ணீரைத்தான் நம்பி இருக்கு. மலை ஏறுகிறபோது 95இல் இருந்த முள் சடக்கென்று 60க்கு விழுந்தால் ஒயர் அறுந்திருக்கலாம், எர்த் கழன்றிருக்கலாம், தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டி இருக்கலாம், இல்லை தண்ணீரே இல்லாமல் இருக்கலாம். முதல் மூன்றில் ஒன்றாக இருந்தால் பத்து நிமிஷம் வீண். நாலாவதாக இருந்தால் எஞ்சின் பிழைச்சது. பத்து நாள் ஓட்டிய பிறகு ஹோஸ் கிளிப்பை இன்னொரு தடவை முடுக்கணும் என்று அண்ணா சொல்லி இருந்தாங்க, அதையும் முடுக்கியாச்சு.

உங்க வீட்டு வண்டி ரேடியேட்டர் மூடியில் என்ன எண் போட்டிருக்கு என்று பார்த்துட்டு வாங்க. காலையில், வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, வீட்டுப் பெரியவங்களை வைத்துக்கொண்டு மட்டும்! அப்படியே உள் ரப்பர் நல்லா இருக்கா, வெடிப்பு விட்டிருக்கா என்றும் பாருங்க. தாளில் கீழே கட்டம் போட்டு இடம் விட்டிருக்கேன், பேரையும் எண்ணையும் பென்சிலில் எழுதுங்க. முதல் வரியில் எங்க மாமா வண்டி: 0.9, ரப்பர் புதுசு.